பூங்கோதை என்கிற டிவி

"எங்கூட்டுக்காரருக்கு எல்லாமே கேக்குதுங் சார். நான் பேசறது மட்டும் கேக்க மாட்டேங்குதுங்."

காதுக்கருவிக் கம்பெனியின் ஈரோடு சர்வீஸ் சென்டரில் உட்கார்ந்திருப்பவனிடம் ஒரு பெண் வந்து இப்படிச் சொன்னால் அவன் என்ன பதில் சொல்வான்? நானும் அதையே சொன்னேன்.

"கருவில கோளாறு இல்லம்மா. கல்யாணம் ஆன ஆம்பளைங்களுக்கு இது தானா வர்றது. ஆபரேஷன்கூடத் தேவையில்ல."

அவள் சிரிக்கவில்லை. கையில் இருந்த மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, "எங்கத்தை பேசறதும் கேக்க மாட்டேங்குதுங்" என்றாள்.

அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெண்டாட்டி பேச்சு கேட்காதவன் ஊருக்கு ஆயிரம் பேர். அம்மா பேச்சு கேட்காதவனும் உண்டு. இரண்டும் சேர்ந்து கேட்காதவன் மருத்துவ உலகத்துக்கே புதியவன்.

அந்தப் புதியவன் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெயர் குழந்தைவேலு. பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவன். பிறக்கும்போதே இரண்டு காதும் உருவாகவில்லை. காது இருக்க வேண்டிய இடத்தில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு சதை, துளை கிடையாது. உள்ளே நரம்பெல்லாம் கச்சிதம். வீட்டை நன்றாகக் கட்டிவிட்டுக் கதவு வைக்க மறந்த மேஸ்திரியின் வேலை. எங்கள் கம்பெனி அவனுக்கு நடுக்காதில் அரிசி அளவில் ஓர் அதிர்வியை வைத்தது. காதுக்குப் பின்னால், தோலுக்கு வெளியே, காந்தத்தில் ஒட்டி நிற்கும் கறுப்பு வில்லை ஒன்று. வில்லை வெளியே கேட்பதை உள்ளே இருக்கும் அதிர்விக்குச் சொல்லும், அது எலும்பை ஆட்டும், அவனுக்குக் கேட்கும். ஒரு காதுக்கு மட்டும்தான் வைத்தார்கள். ஏழைக்கு ஒரு காது போதும் என்று அரசாங்கக் காப்பீட்டுத் திட்டத்தில் முடிவு செய்திருந்தார்கள்.

சோதித்துப் பார்த்தேன். அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பேப்பரைக் கிழித்தேன், திரும்பினான். சாவிக்கொத்தைப் போட்டேன், திரும்பினான். கூப்பிடச் சொல்லி அவன் மனைவி பூங்கோதையிடம் கையைக் காட்டினேன்.

"ஏனுங்" என்றாள். "ஏனுங்! இங்க பாருங்!"

மின்விசிறி மூன்று சுற்று சுற்றியது. அவன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

திடீரென்று எழுந்து நின்றான். "மொதலாளி கூப்படறாரு" என்றான்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை வாசலில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் எங்கள் பக்கம் பார்த்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். தறிப்பட்டறை முதலாளி அர்த்தநாரி. தொழிலாளியைத் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கும் சர்வீஸ் சென்டருக்கும் கூட்டிவருகிற தங்கமான மனிதர். காது சீக்கிரம் சரியானால்தான் பட்டறையில் கத்துகிற வேலை அவருக்கு மிச்சம்.

இடையில் இரண்டு பஸ், ஒரு லாரி, கண்ணாடிக் கதவு. அத்தனையையும் தாண்டி முதலாளி குரல் அவனுக்கு வந்துசேர்கிறது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருப்பவள் குரல் வரவில்லை.

"பாத்தீங்களா சார்?" என்றாள் பூங்கோதை.

பார்த்தேன்.

*

அவர்களை அனுப்பிவிட்டுத் தலைமை அலுவலகத்தில் இருக்கும் ரோகிணிக்குப் போன் போட்டேன். கருவிக்குள் இருக்கும் மூளையை எழுதிய குழுவில் இருப்பவள். பெங்களூரில் இருந்தாலும் சென்னைப் பெண், தமிழில் திட்டிக்கொள்ளலாம்.

அவனுடைய கணக்கைத் திறந்து பார்த்தாள். "கருவி பர்ஃபெக்டா வேலை செய்யுதே" என்றாள்.

"பொண்டாட்டி பேசறது கேக்கலை."

"பொண்டாட்டியா? அப்படி யாரும் இதுல இல்லையே. வீட்டுல ரெண்டு டிவி இருக்கு."

"வீட்டுல டிவியே இல்ல ரோகிணி."

"இருக்கு. ரெண்டும் பெண் குரல். ஒண்ணு சின்ன வயசு, ஒண்ணு வயசானது. நாள் முழுக்க ஓடுது. ரெண்டும் ஒரு தடவைகூட அவர் பேரைச் சொன்னதில்ல. அப்ப டிவிதானே? அதனால கருவி குறைச்சிருக்கு."

மெதுவாகத்தான் எனக்குப் புரிந்தது. உலகத்தில் சத்தம் அதிகம். முப்பது வருடம் அரைகுறையாகக் கேட்டவனுக்குத் திடீரென்று எல்லாமே கேட்டால் பைத்தியம் பிடிக்கும். அதனால் முதல் மூன்று மாதம் கருவி பாடம் படிக்கும். யார் நம்மவர், எது வெறும் சத்தம் என்று பிரிக்கும். நம்மவரை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஓர் அருமையான விதி வைத்திருந்தார்கள். உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர் உங்களுக்கு நெருக்கமானவர். மணிக்கணக்காகப் பேசியும் ஒருமுறைகூட உங்கள் பேரைச் சொல்லாத குரல், டிவி.

"இந்த ரூலை எவன் எழுதினான்?"

"ஆறு நாட்டுல டெஸ்ட் பண்ணது. பாசமா இருக்கறவங்க பேர் சொல்லித்தானே கூப்பிடுவாங்க? நான் என் ஹஸ்பண்டை நிகில்னுதான் கூப்பிடறேன்."

"ரோகிணி, இங்க பேர் சொல்லிக் கூப்பிடறவன் ஒண்ணு மொதலாளி, இல்லாட்டி போலீஸ். பொண்டாட்டி ஏனுங்கன்னுதான் கூப்பிடுவா. அம்மா சாமிம்பா, கண்ணும்பா. பாசம் ஜாஸ்தியாக ஆக பேர் காணாமப் போயிடும்."

மறுமுனையில் அவள் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். "சுவாரஸ்யமா இருக்கு" என்றாள். பெரிய கம்பெனிகளில் 'நாங்கள் தப்புச் செய்துவிட்டோம்' என்பதற்கு இதுதான் சொல்.

"நீயே உள்ள புகுந்து அந்த ரெண்டு டிவியையும் மனுஷங்களா மாத்திடேன்."

"கையால மாத்தக் கூடாது. சட்டம். அந்த சோப்பு விவகாரம் ஞாபகம் இல்லையா?"

மறக்க முடியுமா? சில வருடங்களுக்கு முன் ஒரு சோப்புக் கம்பெனி இப்படிப்பட்ட கருவிகளுக்குள் புகுந்து, தினமும் குளிக்கும் நேரத்தில் ஜனங்களின் மண்டைக்குள் தன் பாட்டைப் பாடவைத்தது. சிலர் காதைப் பிய்த்துக்கொள்ளப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வந்த சட்டப்படி, கருவியை வெளியிலிருந்து யாரும் தொடக் கூடாது. அது தானாகப் படிக்க வேண்டும். பாடம் முடிந்ததும் பூட்டிக்கொள்ளும். அப்புறம் திறக்க வேண்டுமானால் மறுபடி மண்டையைத்தான் திறக்க வேண்டும்.

"எப்பப் பூட்டும்?"

"வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம். அதுக்குள்ள அந்தம்மா அவர் பேரை நாலஞ்சு தடவை நேரா, வாயால சொல்லணும். ரெக்கார்டு போட்டா கண்டுபிடிச்சிடும். சொல்லலேன்னா ஆயுசுக்கும் டிவிதான்."

"அவ்ளோ சிம்பிளா?"

"அவ்ளோ சிம்பிள்" என்றாள் ரோகிணி. பிறகு அவளுக்கு இன்னும் சிம்பிளாக ஒரு யோசனை வந்தது. நோயாளியின் கூப்பிடு பெயரை ஒரே ஒரு தடவை மாற்றிக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. "பேரை 'ஏனுங்க'ன்னு மாத்திட்டா முடிஞ்சுது!" என்று என்னைக் கேட்காமலே மாற்றிவிட்டாள்.

மறுநாள் காலை குழந்தைவேலு பள்ளிபாளையத்திலிருந்து ஈரோட்டுக்குப் பஸ் ஏறினான். கொங்கு நாட்டில் ஒரு பஸ். ஏனுங்க, இந்த வண்டி ஆஸ்பத்திரி போவுமுங்களா? ஏனுங்க, சில்லறை குடுங்க. ஏனுங்க, காலை எடுங்க. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அவனுக்கு நெருங்கிய உறவாகி, அத்தனை பேர் குரலும் மண்டைக்குள் மேளம் கொட்ட, காவிரிப் பாலத்துக்கு முன்பே இறங்கி ஓடிவிட்டான். மாற்றியதை ரத்துசெய்ய மட்டும் சட்டத்தில் இடம் இருந்தது; பழைய பெயர் திரும்ப வந்தது, புதுப் பெயரால் சேர்ந்த உறவெல்லாம் அதோடு அழிந்தது. இருந்த ஒரே வாய்ப்பும் போயிற்று.

*

புதன்கிழமை நானே பள்ளிபாளையம் போனேன். பட்டறைக்குள் பத்துத் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் மனிதர்கள் பேசுவதில்லை, வாயை அசைக்கிறார்கள். வாசலில் நின்று எட்டிப் பார்த்தபோதுதான் அதைப் பார்த்தேன்.

மூலையில் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த பூங்கோதை எழுந்து, தறியில் குனிந்து நின்றிருந்த புருஷனுக்குப் பின்னால் போனாள். அவன் காதுக்குப் பின்னாலிருந்த வில்லையைக் கழற்றித் தறியின் இரும்புச் சட்டத்தில் ஒட்டினாள். கால் பெருவிரலில் எம்பி, தன் மோவாயை அவன் உச்சந்தலையில் வைத்தாள். ஏதோ பேசினாள். அவன் சிரித்தான். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். நூல் அறுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. அவள் வில்லையை மறுபடி ஒட்டிவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டாள்.

லட்சக்கணக்கில் செலவு செய்து நாங்கள் நடுக்காதுக்குள் செய்கிற வேலை அதுதான். கதவில்லாத வீட்டுக்குச் சுவர் வழியாகச் சத்தம் அனுப்புவது. மண்டை எலும்பு போதும். அவளுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பிறகு கேட்டேன். "கல்யாணம் ஆன புதுசுல தானா தெரிஞ்சுதுங்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேற்கொண்டு கேட்கும் அளவுக்கு நான் அநாகரிகமானவன் இல்லை.

பட்டறைக்குப் பின்னால் வீடு. ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, ஓர் இரும்பு பீரோ. குழந்தைவேலுவின் அம்மா பாவாயி கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். பேர் சொன்னால் போதும் என்றேன்.

வெங்காயம் உரிப்பது நின்றது.

"கட்டுனவன் பேரச் சொன்னா அவனுக்கு ஆயுசு கொறையும் தம்பி."

"அதெல்லாம் குறையாதுங்கம்மா. எங்க ஆபீஸ்ல ஒருத்தி தினமும் சொல்றா. அவ புருஷன் குண்டாத்தான் இருக்கான்."

"அது பெங்களூரு. இது பள்ளிபாளையம்."

பூங்கோதை சமையல்கட்டு நிலையில் சாய்ந்து நின்றாள். "முருகன் கோயில்ல எப்படிம்மா கும்பிடறீங்க? சாமிக்கும் அதே பேர்தானே?" என்று கேட்டேன்.

"அவுங்க பேர் வெச்ச சாமி, காப்பாத்துன்னு கும்புடுவனுங்."

"சாமிக்கு யாருன்னு புரியுமா?"

"சாமிக்குப் புரியுமுங். உங்க கருவிக்குத்தான் புரியாது."

பாவாயி குறுக்கிட்டாள். "அவ பேசறது கேக்காட்டிப் போவுது தம்பி. கேட்டு என்ன ஆவப்போவுது? ஆனா என்ற மவன் இப்ப நாங் கூப்புட்டாலும் திரும்பறதில்ல. காது வந்ததும் இவ என்னமோ சொல்லிக்குடுத்துட்டா. வேணும்னே கேக்காத மாதிரி இருக்கறான்."

"வேணும்னு இல்லம்மா. நீங்களும் அவர் பேரைச் சொல்றதில்ல. அதான் அந்தக் கருவி உங்களையும் டிவின்னு நெனைச்சிருக்கு."

"என்னையா?"

"ஆமா."

அவள் முகத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கையிலிருந்த வெங்காயத்தை மட்டும் தட்டில் வைத்துவிட்டாள்.

"நீங்க அம்மா. பேர் சொல்றதுக்கு உங்களுக்கென்ன தடை? ஆயுசு குறையாதே?"

பதில் பூங்கோதையிடமிருந்து வந்தது. "அது எங்கத்தையோட மாமனார் பேருங். அப்பாரு பேரைத்தான் பேரனுக்கு வெச்சது. மாமனார் பேரை மருமவ சொல்லப்படாதுங்."

"அவர் இருக்காரா?"

"செத்து இருவத்தாறு வருசம் ஆச்சு" என்றாள் பாவாயி. "அதுக்காவ?"

எனக்குச் சிரிப்பதா எழுந்து போவதா என்று தெரியவில்லை. பெற்ற மகனை ஒருமுறைகூடப் பேர் சொல்லிக் கூப்பிடாத ஒரு தாய். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது என்ன செய்தாள் என்று கேட்டேன். வாத்தியாரிடம் பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்லவைத்தாளாம். இறந்துபோன ஒரு கிழவன் இருபத்தாறு வருடமாக அந்த வீட்டு இரண்டு பெண்களின் வாயிலும் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நாங்கள் கொண்டுவந்த நவீனக் கருவி வந்த வேகத்தில் அவனோடு கூட்டுச் சேர்ந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வர்றேன்" என்றேன். "அன்னிக்குச் சொன்னா உண்டு. இல்லேன்னா இவருக்கு வாழ்நாள் முழுக்க மொதலாளி குரல் மட்டும்தான்."

வாசலில் அர்த்தநாரி நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருப்பார் போல. "இதுக்கெதுக்குப்பா இத்தனை பாடு? ஊட்டுல என்ன சொல்லோணும்னாலும் எங்கிட்டச் சொல்லச் சொல்லு. நான் அவங்கிட்டச் சொல்லிர்றேன்" என்றார். உண்மையிலேயே உதவியாகத்தான் சொன்னார்.

*

வெள்ளிக்கிழமை மத்தியானம் தறிகளை நிறுத்தச் சொல்லியிருந்தேன். அர்த்தநாரி நிறுத்தினார், சும்மா நிற்கிற தறியைப் பார்க்கச் சகிக்காமல் வீட்டு வாசலிலேயே வந்து நின்றுகொண்டார். குழந்தைவேலுவை அறை நடுவில் ஸ்டூலில் உட்காரவைத்தேன். கையகல ஸ்கிரீனில் அவன் கணக்கைத் திறந்தேன். நடுவில் ஒரு புள்ளி, அதுதான் அவன். சுற்றி வட்டம் வட்டமாக அவனுடைய உலகம்.

"பூங்கோதை, வாங்க" என்றேன்.

அவள் வருவதற்கு முன் பாவாயி எழுந்து வந்து எனக்குப் பக்கத்தில் நின்றாள். "மொதல்ல நானு" என்றாள்.

சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இன்னொரு முறை. 'கொ' என்று ஆரம்பித்து நின்றுவிட்டது. மகன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அவள் வெறும் டிவி. சத்தம் குறைத்து வைக்கப்பட்ட டிவி.

"சும்மா சொல்லுங்கம்மா. திட்டுற மாதிரிகூடச் சொல்லலாம். கருவிக்கு வித்தியாசம் தெரியாது" என்றேன். அவசரத்தில் சொன்னது. அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது.

"திட்டலாமா?" என்றாள்.

"தாராளமா."

"கொழந்தவேலு" என்றாள். மெதுவாக. தன் குரலே தனக்குப் புதிதாக இருந்தது போல ஒரு கணம் நின்றாள். வானம் இடியவில்லை. அப்புறம், "அடே கொழந்தவேலு!" என்றாள்.

ஸ்டூலில் இருந்தவன் நிமிர்ந்தான்.

"அடே கொழந்தவேலு, நாசமாப் போனவனே! காதில்லாத புள்ளயப் பெத்தவன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியேடா! கெரகணத்துல வெளிய போனா, அதான் இப்படிப் பொறந்துச்சுன்னு பஞ்சாயத்து வெச்சயேடா! அன்னிக்கு என்னய வெளிய அனுப்புனது ஆருடா? கோழி அடிச்சுக் கொளம்பு வேணும், அடுப்புக்கு வெறகு பொறுக்கிட்டு வான்னு வவுத்துப் புள்ளக்காரியத் தொரத்துனது ஆருடா? சொல்லுடா கொழந்தவேலு! தின்னயேடா அந்தக் கோழிய, எலும்பக்கூட உடாம!"

வாசலில் அர்த்தநாரி வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். பெயர் என்னவோ அவருடையது இல்லை. ஆனாலும் தன்னைத்தான் சொல்கிறாளோ என்று பயந்த மாதிரி இருந்தது.

பாவாயி நிறுத்தவில்லை. சுடுதண்ணீர் சூடு பற்றவில்லை என்று சொம்பை எறிந்தது, தீபாவளிக்குப் பிறந்த வீட்டுக்கு அனுப்பாதது, சாகக் கிடக்கும்போதுகூட இவள் கையால் தண்ணீர் வாங்கிக்கொள்ளாதது, எல்லாம் வந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் அந்தப் பேர். நாலைந்து தடவை கேட்ட இடத்தில் நாற்பது இருக்கும். கையிலிருந்த ஸ்கிரீனில் வெளிவட்டத்தில் கிடந்த ஒரு புள்ளி கிடுகிடுவென்று நடுவை நோக்கி நகர்ந்தது. நிறம் மாறியது. அதற்குக் கீழே கருவி எழுதியது: 'மிகுந்த பாசமுள்ள உறவு.'

மூச்சு வாங்க அவள் கட்டிலில் உட்கார்ந்தபோது குழந்தைவேலு கேட்டான். "அப்பாரயா சொல்ற?"

அது அவளுக்குப் பதில். மூன்று மாதத்தில் முதல் பதில்.

"ஆமா சாமி. உன்னயில்ல."

"கெரகணம்னால இல்லம்மா. டாக்டரு சொன்னாரு."

"எனக்குத் தெரியும் சாமி. அவனுக்குத் தெரியோணுமில்ல?" என்றாள் பாவாயி, முகத்தைத் துடைத்துக்கொண்டு.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் நேரம் இருந்தது. "பூங்கோதை, சீக்கிரம்."

"சொல்லு அம்மிணி" என்றாள் பாவாயி. அவள் வாயிலிருந்து அது வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "ஆயுசு கொறஞ்சா கொறையட்டும். கெழவன் பேர இத்தனை நாள் சொல்லாம இருந்து எவஞ் சாவாம இருந்தான்?"

பூங்கோதை வந்தாள். புருஷனைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த ஸ்கிரீனைப் பார்த்தாள்.

"இதென்னங் சார் வட்டம் வட்டமா?"

"நடுவுல இருக்கறது அவர். கிட்டக்க இருக்கறவங்க நெருக்கமானவங்க."

"இந்த மொத ஆளு ஆருங்?"

சொல்லத் தயங்கினேன். "மொதலாளி. அவர்தானே அதிகமா பேர் சொல்றாரு."

"அடுத்தது?"

"உங்கத்தை."

"நானுஞ் சொன்னா எங்க வருவனுங்?"

"மூணாவதா. போகப் போக முன்னால வரலாம்."

"எப்படிங்? மொதலாளியக் காட்டியும் ஜாஸ்தியாக் கூப்பாடு போட்டாவா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். சந்தையில் விலை கேட்டுவிட்டு வேண்டாம் என்று நகர்கிறவர்கள் ஆட்டுகிற மாதிரி.

"எனக்கு வேண்டாமுங் சார்."

"என்னம்மா இது? ஒரே ஒரு சொல்லு. பயமா இருக்கா?"

"பயமெல்லாம் இல்லீங். அந்தப் பேர நான் சொல்லாமயா இருக்கறன்? தெனமுந்தான் சொல்றன்."

"எங்க?"

"இவுங்க மண்டைக்குள்ள" என்றாள். "மோவாய வெச்சிட்டு. அங்க வேற ஆருக்கும் கேக்காதுங். இவுங்களுக்கு மட்டுந்தான். அதைக் கொண்டாந்து இங்க மொதலாளிக்குக் கீழ மூணாவதா எழுதோணுமுங்களா?"

குழந்தைவேலுவைப் பார்த்தேன். மனைவி பேசியது எதுவும் அவனுக்குக் கேட்டிருக்காது. ஆனால் எங்கள் முகங்களைப் பார்த்து ஏதோ புரிந்தவன் போலக் காது மடல் இல்லாத இடம் வரைக்கும் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தான்.

"நாளைக்கு அடுப்புல தீப்பிடிச்சு நீங்க கத்தினாக்கூட அவருக்குக் கேக்காதும்மா" என்றேன். கோபமாகவே சொன்னேன்.

"எங்கத்தை கத்துவாங்க. இப்பத்தான் பழகிட்டாங்களே."

பாவாயி சிரித்தாள். மாமியாரும் மருமகளும் சேர்ந்து சிரித்து அந்த வீடு அன்றுதான் பார்த்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பூங்கோதை புருஷனின் காதுக்குப் பின்னாலிருந்து வில்லையை எடுத்தாள். பீரோக் கதவில் டக்கென்று ஒட்டினாள். மோவாயை அவன் தலையில் வைத்தாள். நாங்கள் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை. உதடு அசைந்தது. அர்த்தநாரி கழுத்தை நீட்டினார்; ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கவில்லை. குழந்தைவேலு கண்ணை மூடிக்கொண்டான்.

ஸ்கிரீனில் ஓர் அறிவிப்பு வந்தது. 'அணிபவர் கருவியைக் கழற்றியுள்ளார்.' மாலையில் கருவி தானாகவே பூட்டிக்கொண்டது.

*

திங்கட்கிழமை ரோகிணி உற்சாகமாகப் போன் செய்தாள். குழந்தைவேலுவின் கணக்கு மாநிலத்திலேயே முதலிடமாம். தேவையற்ற வீட்டுச் சத்தத்தை இவ்வளவு சுத்தமாக நீக்கிய கருவி வேறு இல்லையாம். கூட்டத்தில் காட்டப்போகிறார்களாம்.

"அந்தத் தேவையற்ற சத்தத்துக்குப் பேர் பூங்கோதை" என்றேன்.

"ஐயோ, சொல்லலையா அவங்க? ஒரு பேர் சொல்றதுல என்ன இருக்கு? நான் நாள் பூரா நிகில் நிகில்னுதான் கூப்பிடறேன்."

"அவர் திரும்பறாரா?"

"அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம்" என்று வைத்துவிட்டாள். யாரைப் பற்றிச் சொன்னாள் என்று தெரியவில்லை.

அந்த வீட்டில் இப்போது ஓர் ஒழுங்கு வந்துவிட்டதாகக் கேள்வி. பகலில் பட்டறையில் கருவி முதலாளிக்கு. வேலை முடிந்து வந்ததும் அம்மாவுக்கு. பாவாயி அன்றோடு நிறுத்தவில்லை. மாமனாரைப் பற்றிச் சொல்ல அவளிடம் இன்னும் நிறைய இருக்கிறது. மகன் வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டே அப்பாரின் வண்டவாளத்தைத் தினமும் கேட்கிறான். சாப்பாடு முடிந்ததும் வில்லை பீரோவுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது எந்தக் கம்பெனிக்கும் தெரியாது. நான் செய்த சர்வீஸ்களிலேயே முழுத் தோல்வி அதுதான்.

மாதக் கடைசியில் ஒருநாள் அர்த்தநாரி தனியாக வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"ஏப்பா, நீங்க வெச்ச சாமான்ல என்னமோ கோளாறு."

"யாருக்குங்க?"

"கொழந்தவேலுக்குத்தான். அவனுக்கு எல்லாமே கேக்குது. ராத்திரி ஊட்டுல சோறு உண்டுட்டான்னா நான் கூப்படறது மட்டும் கேக்க மாட்டேங்குது. வாசல்ல நின்னு பேர் சொல்லிக் கத்தறேன். சன்னல்ல பாத்தா அவம்பாட்டுக்குக் கண்ண மூடிட்டு உக்காந்திருக்கறான். அவசரத்துக்கு ஒரு தறி ஓட்டோணும்னா ஆள் வேணுமில்ல?"

"கருவில கோளாறு இல்லீங்க" என்றேன். "கல்யாணம் ஆன ஆம்பளைங்களுக்கு இது தானா வர்றது. ஆபரேஷன்கூடத் தேவையில்ல."

"வெளையாடாதப்பா. இதுக்கு வழியே இல்லியா?"

"ஒரு வழி இருக்குங்க."

ஆவலாக முன்னால் சாய்ந்தார்.

"மெதுவாப் பின்னால போயி, உங்க மோவாய அவர் உச்சந்தலையில வெச்சுப் பேசிப் பாருங்க. கட்டாயம் கேக்கும்."

அர்த்தநாரி தன் மோவாயை ஒருமுறை தடவிக்கொண்டார். பிறகு எழுந்து போய்விட்டார். கண்ணாடிக் கதவைச் சாத்தக்கூட இல்லை.